மூளையின் கடைமடை

காசோலையிலுள்ள கையொப்பம் மாதிரிக் கையொப்பத்தோடு பொருந்தவில்லை என்று ஒரு முதியவரிடம் சொல்ல நேர்வது எந்த வங்கிக் கிளையிலும் புதிய செய்தி அன்று. முப்பது ஆண்டுகளாக ஒரே மாதிரி ஒப்பமிட்டு வந்தவரின் எழுத்து சுருங்கியிருக்கும். அல்லது கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருக்கும். பணமெடுக்கும் படிவத்தை இரண்டே நிமிடத்தில் நிரப்பிவந்தவர், தேதிக்கும் கணக்கு எண்ணுக்கும் நடுவே பேனாவைப் பிடித்தபடி நின்றுவிடுவார். வைப்புத்தொகை முதிர்ந்து மூன்று மாதம் ஆகியும் புதுப்பிக்க வரமாட்டார். உடன் வந்த மகனோ மகளோ, "அப்பாவுக்கு வயதாகிவிட்டது" என்பார்கள். வரிசையில் நிற்பவர்களும் அதை ஏற்றுக்கொள்வார்கள்.

பல வேளைகளில் அது வயது மட்டுமன்று. மூளைக்குள் நெடுங்காலமாகச் சத்தமின்றி நடந்துவரும் ஒரு நோய் அது. மருத்துவர்கள் அதனை மூளைச் சிறுநாள நோய் என்பர். பக்கவாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு இதுவே காரணம். மூளையின் அறிவாற்றல் தேய்வதற்கு அல்சைமர் நோய்க்கு அடுத்தபடியாக அதிகம் காரணமாவதும் இதுதான். பலருக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஆயினும் சர்க்கரை நோய், இதய நோய் போல இதன் பெயர் நம் வீடுகளில் புழங்குவதில்லை.

ஒரு வங்கியின் இதழில் இதைப் பற்றி எழுதத் தனியாக ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் 80,000-க்கும் மேற்பட்ட முதியோரின் மருத்துவப் பதிவுகளையும் கடன் தவணைப் பதிவுகளையும் இணைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2020-இன் இறுதியில் வெளியாயிற்று. அல்சைமர் முதலான மறதி நோய்களுக்கு உள்ளானவர்கள், மருத்துவர் அந்நோயைக் கண்டறிவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே தவணைகளைத் தவறவிடத் தொடங்கியிருந்தனர் என்று அது காட்டியது. மருத்துவரின் அறையில் தெரிவதற்கு முன்பே வங்கிக் கணக்கில் நோயின் அடையாளம் தெரிந்துவிடுகிறது. கணக்குப் பார்ப்பது, திட்டமிடுவது, இரண்டு செய்திகளை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்துவது ஆகிய மூன்றும் பணத்தைக் கையாளத் தேவையானவை. சிறுநாள நோய் முதலில் தொடுவதும் இவற்றைத்தான்.

இந்நோயைப் புரிந்துகொள்ள நம் பாசனமுறை பெரிதும் உதவும். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிறது. வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால்கள் கிளைக்கின்றன. இறுதியில் ஒரு மடை வழியாகக் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகிறது. மேல்மடையில் என்ன கோளாறு நேர்ந்தாலும் முதலில் வாடுவது கடைமடைப் பயிர்தான். மூளையின் அமைப்பும் ஏறத்தாழ இப்படியே உள்ளது. கழுத்து வழியே மேலேறும் பெருந்தமனிகளிலிருந்து, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய நுண்தமனிகள் செங்குத்தாகப் பிரிந்து மூளையின் ஆழத்துக்குள் துளைத்துச் செல்கின்றன. உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பங்கு ஆழத்திலுள்ள வெண்பொருளுக்குச் சென்று சேர்வது இந்த நுண்தமனிகளின் கடைக்கோடியில்தான். ஒரு மடை அடைபட்டால் பக்கத்து மடையிலிருந்து நீர் திருப்பிவிட அங்கே ஏறத்தாழ வழியே கிடையாது.

வெண்பொருள் என்பது மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைகளின் தொகுதி. ஊர்கள் அப்படியே இருக்க, அவற்றை இணைக்கும் சாலைகள் பழுதானால் எப்படியிருக்குமோ அப்படித்தான் வெண்பொருள் நைந்த மூளையும். நினைவுகள் இருக்கும், ஆனால் அவற்றை எட்டிப் பிடிக்க நேரமாகும்.

உயர் இரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் தாக்கும்போது நுண்தமனிகளின் சுவர் தடித்து, உள்வழி குறுகி, நெகிழ்வும் குன்றுகிறது. பின்னர் மூன்று விதமாகக் கேடு விளையலாம். நாளம் முற்றும் அடைபட்டு, மூளைத் திசுவில் மிளகளவு முதல் அருநெல்லியளவு வரையிலான சிறு குழி விழலாம். அடைபடாமலே இரத்த ஓட்டம் மெலிந்து, வெண்பொருள் மெல்ல நைந்துபோகலாம். சுவர் வெடித்து நுண்கசிவோ பெருங்கசிவோ ஏற்படலாம். ஒரே மனிதரிடம் மூன்றும் இருப்பது அரிதன்று. ஆகவேதான் இந்நோய்க்கு மருந்து கொடுப்பது கயிற்றின்மேல் நடப்பது போன்றது: அடைப்பைத் தடுக்கும் மருந்து கசிவைக் கூட்டிவிடக்கூடும்.

இந்தக் குழிகளை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பிரெஞ்சு மருத்துவர்கள் கண்டு, குட்டை, பள்ளம் எனப் பொருள்படும் லத்தீன் சொல்லின் வழியாக 'லக்கூன்' எனப் பெயரிட்டனர். 1901-இல் பாரிசைச் சேர்ந்த பியேர் மாரி, இத்தகைய முதியோர் பாதத்தை உயர்த்தாமல் சிறுசிறு அடியாகத் தேய்த்து நடப்பதைக் குறிப்பாக எடுத்து எழுதினார். அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் இச்செய்தி ஏறத்தாழ மறக்கப்பட்டுக் கிடந்தது. கனடாவில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய மில்லர் ஃபிஷர் 1960-களில் இறந்தோரின் மூளைகளை மெல்லிய சீவல்களாக அறுத்து, ஒவ்வொரு குழியையும் அதற்குரிய அடைபட்ட நாளம் வரை பின்தொடர்ந்து சென்று, எந்தக் குழி எந்தக் குறையைத் தந்தது என்று நிறுவினார். இன்றைய மருத்துவர்கள் படிக்கும் பாடம் பெரும்பாலும் அவர் வகுத்ததே.

பாரிசும் பாஸ்டனும் இருக்கட்டும். இந்நோய் நம் பக்கத்தில் எப்படி நடமாடுகிறது என்று பார்க்கத் திருவனந்தபுரம் மாவட்டம் ஏற்ற இடம். இந்திய மாநிலங்களுள் மூத்தோர் விகிதம் மிக அதிகமாக உள்ளது கேரளத்தில். 2021-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி அங்கு நூற்றுக்கு 16.5 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அடுத்து வருவது தமிழ்நாடு, 13.6. கேரளம் இன்று காண்பதை நாம் நாளை காணப்போகிறோம். மேலும், பக்கவாதத்தை நகரம், கிராமம் என்று பிரித்து எண்ணிப் பார்த்த அரிய பதிவேடுகளுள் ஒன்று அம்மாவட்டத்தில்தான் உருவாயிற்று.

ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தை, இந்தியாவிலேயே தயாரான 'சித்ரா' இதய வால்வின் வழியாகப் பலரும் அறிவர். அதன் மருத்துவர்கள் 2005-இல் ஆறு மாத காலம் மாவட்டத்தின் நகர்ப்பகுதியிலும் ஊரகப் பகுதியிலுமாக 541 பக்கவாத நிகழ்வுகளைப் பதிவுசெய்தனர். முடிவுகள் 2009-இல் வெளியாயின. நோய் தாக்கும் வீதத்தில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் ஏறத்தாழ வேறுபாடே இல்லை: ஆண்டுக்கு லட்சம் பேரில் நகரில் 135, கிராமத்தில் 138. வேறுபாடு அதன்பின் தெரிந்தது. பக்கவாதம் வந்த 28 நாட்களுக்குள் நகரில் நூற்றுக்கு 24.5 பேர் இறந்தனர், கிராமத்தில் 37.1 பேர். நோயாளிகளில் ஐவரில் நால்வருக்கும் மேற்பட்டோருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பொன்முடிச் சாலையில் போக வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, சுள்ளிமானூர் வழியாக ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் சென்றால் மலையடிவாரத்தில் வித்துரா வருகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது தேநீர் குடிக்க நிற்கும் கடைத்தெரு. அங்கிருந்து ஒரு சாலை கல்லாறு வழியாகப் பொன்முடிக்கு ஏறுகிறது. இன்னொன்று காட்டுக்குள் போனக்காட்டுக்குப் போகிறது. அகத்தியர்கூடத்துக்கு நடப்போர் புறப்படும் இடமும் போனக்காடுதான். ரப்பரும் மிளகும் தேயிலையும் விளையும் நிலம். காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளும், தலைமுறைகளுக்கு முன் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் இம்மலைப்பகுதியில் உள்ளன. சற்றுத் தள்ளி மருதமலையில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் நிற்கிறது. ஒரே ஊராட்சிக்குள் இத்தனை உலகங்கள்.

இங்கே சிறுநாள நோய் ஏன் கண்ணில் படாமல் போகிறது என்பது ஊரின் அமைப்பைப் பார்த்தாலே விளங்கும். வித்துராவில் அரசுத் தாலுகா மருத்துவமனை உண்டு. இரத்த அழுத்தம் பார்க்கலாம், மாத்திரை வாங்கலாம். ஆனால் மூளை நரம்பியல் வல்லுநரைக் காண மலையிறங்கி நகருக்குப் போக வேண்டும். மேலே தோட்டத்தில் வசிப்பவருக்கு அது ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் துணைக்கு வருபவரின் ஒரு நாளும். கை கால் விழுந்துவிட்டால் எப்படியும் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நடை சற்றுத் தேய்ந்திருக்கிறது, பேச்சு சற்று மெதுவாகியிருக்கிறது என்பதற்காக யார் மலையிறங்குவார்? மலையாளத்தில் 'பிராயம் ஆயி' என்பார்கள். நாம் 'வயசாச்சு' என்போம். இரண்டு மொழியிலும் விசாரணை அதோடு முடிந்துவிடுகிறது.

எனவே எவற்றையெல்லாம் 'வயசாச்சு' என்று ஒதுக்கக்கூடாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதலாவது நடை. அடிகள் குறுகும், திரும்பும்போது ஒரே சுற்றில் திரும்ப முடியாமல் நான்கைந்து அடி வைத்துத் திரும்புவார், கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் தொடக்கத்தில் தயங்குவார். கை நடுக்கம் பெரிதாக இராது. அடிக்கடி தடுமாறி விழுவதும் இதனோடு சேரும். இரண்டாவது சிறுநீர். வந்தவுடன் போயாக வேண்டும் என்ற அவசரம், இரவில் பலமுறை எழுவது. இதனைப் புரோஸ்டேட் என்றோ கருப்பை இறக்கம் என்றோ மட்டும் எண்ணிவிடுகிறோம். மூன்றாவது சிந்தனையின் வேகம். கேள்வி கேட்டால் சரியான விடை வரும், ஆனால் தாமதமாக வரும். சமையலில் அடுத்து எதைச் செய்வது என்ற ஒழுங்கு குலையும். தேர்ந்த அம்மா ஒருவர் சோறு, குழம்பு, பொரியல் மூன்றையும் ஒருங்கே இறக்க முடியாமல் திணறுவார்.

நான்காவது, குடும்பத்தாரைப் பெரிதும் புண்படுத்துவது: அக்கறையின்மை. பேரப்பிள்ளை வந்தாலும் எழுந்து பார்ப்பதில்லை, பிடித்த செய்தித்தாளைப் பிரிப்பதில்லை, தோட்டத்துப் பக்கம் போவதில்லை. சோம்பல் என்றும் வீம்பு என்றும் வீட்டில் சண்டை நடக்கும். மனச்சோர்வு என்று கருதி மருந்து கொடுத்தாலும் சிலருக்கு மாற்றம் இராது. செயலைத் தொடங்கிவைக்கும் மூளைச் சுற்றுகள் அறுபட்டிருப்பதே அங்கே காரணம். இதற்கு நேர்மாறாக, சின்னச் செய்திக்கும் அடக்க முடியாமல் அழுவதும் சிரிப்பதும் வேறு சிலரிடம் தோன்றும். இந்த நான்கில் இந்தக் கடைசி ஒன்றை விளக்கிச் சொன்னாலே பல வீடுகளில் பாதிச் சண்டை தீரும் என்பது என் எண்ணம்.

அல்சைமர் நோயிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது? அல்சைமரில் காலையில் வந்த விருந்தாளி மாலையில் நினைவிலேயே இரார். குறிப்பு கொடுத்தாலும் பயனில்லை. சிறுநாள நோயில், "நெடுமங்காட்டிலிருந்து வந்தாரே" என்று ஒரு நூல் எடுத்துக் கொடுத்தால் மீதி வந்துவிடும். இந்த வேறுபாடு தொடக்க நிலையில் மட்டுமே தெளிவாக இருக்கும். இரண்டும் கலந்திருப்போரிடம் இக்கோடு அழிந்துபோகும்.

உறுதிசெய்ய உதவுவது எம்.ஆர்.ஐ. படம். சி.டி. படத்தில் சிறு குழிகளும் நுண்கசிவுகளும் தப்பிவிடக்கூடும். இங்கே இன்னொரு பக்கத்து அச்சத்தையும் நீக்க வேண்டும். தலைவலிக்காகவோ தலைசுற்றலுக்காகவோ படம் எடுத்தவர்கள் அறிக்கையில் 'ஸ்மால் வெசல் இஸ்கீமிக் சேஞ்சஸ்' என்ற வரியைக் கண்டு நிலைகுலைந்துபோகிறார்கள். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் 60 முதல் 90 வயது வரையிலான 1,077 பேருக்குப் படம் எடுத்துப் பார்த்தபோது, வெண்பொருளில் ஒரு புள்ளிகூட இல்லாதவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். தலையில் நரை விழுவதுபோல வயதோடு சில புள்ளிகள் வரவே செய்யும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதை அளக்க ஆஸ்திரிய மருத்துவர் ஃபசேக்காஸ் 1987-இல் வகுத்த 0 முதல் 3 வரையிலான படிநிலையே இன்றும் வழக்கில் உள்ளது. அறிக்கையில் 'ஃபசேக்காஸ் 1' என்றிருந்தால் அமைதியாக இரத்த அழுத்தத்தைக் கவனித்தால் போதும். 2, 3 என்றிருந்தால், அதுவும் ஐம்பதுகளிலேயே அப்படியிருந்தால், நரம்பியல் மருத்துவரைக் காண்பது நல்லது. அறிகுறி ஏதுமின்றி மூளையில் சிறு குழி விழுந்திருப்பதும், முதியோர் ஐவரில் ஏறத்தாழ ஒருவரிடம் காணப்படுகிறது.

நாற்பது வயதிலேயே, இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இல்லாமலே, குடும்பத்தில் பலருக்கு ஒற்றைத் தலைவலியும் பக்கவாதமும் தொடர்ந்து வந்தால் அது 'காடசில்' என்னும் மரபுவழிச் சிறுநாள நோயாக இருக்கலாம். 19-ஆம் குரோமோசோமில் உள்ள நாட்ச்3 என்ற மரபணுவின் பிழையால் அது வருகிறது என்பது 1996-இல் தெரியவந்தது. அது அரிது.

இனி, செய்யக்கூடியது என்ன? விழுந்த குழியைத் தூர்க்க மருந்து கிடையாது. அடுத்த குழி விழாமல் காக்க வழியுண்டு. அதில் முதலிடம் இரத்த அழுத்தத்துக்கே. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் மூளைக் கசிவால் இறந்தபோது அவரது இரத்த அழுத்தம் 300/190 என்று பதிவாயிற்று. உலகின் ஆற்றல் மிக்க மனிதருக்கே அன்று கொடுக்கத் தக்க மருந்து இல்லை. இன்று அந்த மருந்து சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அரசு மருத்துவமனைகளில் விலையின்றியே கிடைக்கிறது. கிடைப்பதை நாள் தவறாமல் விழுங்குவதுதான் அரிதாக உள்ளது.

இதற்கான சான்று உறுதியானது. அமெரிக்காவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஸ்பிரின்ட் ஆய்வில், மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழே வைப்பதையும் 120-க்குக் கீழே வைப்பதையும் ஒப்பிட்டனர். 2019-இல் வெளியான முடிவுகளின்படி, 120-ஐ இலக்காகக் கொண்டவர்களுக்கு அறிவாற்றல் லேசாகத் தேயும் நிலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அவர்களுடைய மூளையில் வெண்பொருள் நைவும் மெதுவாகவே பெருகியது: ஏறத்தாழ நான்காண்டில் மற்ற அணியில் 1.45 கனசென்டிமீட்டர் பெருகியது, இவர்களிடம் 0.92. மறதி நோய் என்று முழுமையாகச் சொல்லும் நிலை குறைந்ததா என்பதை மட்டும் அவ்வாய்வு ஐயமறக் காட்டவில்லை. அந்தக் குறையைச் சீனம் தீர்த்தது. அங்கே 326 கிராமங்களில் ஏறத்தாழ 34,000 பேரிடம், பாதிக் கிராமங்களில் கிராம மருத்துவப் பணியாளர்களே நெறிமுறைப்படி மருந்தைக் கூட்டிக் குறைத்து இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தனர். நான்கு ஆண்டுகளில் அந்தக் கிராமங்களில் மறதி நோய் நூற்றுக்கு 15 பங்கு குறைந்தது. 2025-இல் இது வெளியாயிற்று.

வித்துராவுக்கும் போனக்காட்டுக்கும் நம் பச்சைமலை, கல்வராயன் மலை ஊர்களுக்கும் இந்தச் சீன ஆய்வே மற்றவற்றைவிட முக்கியமானது என்பேன். வல்லுநர் மலையேறி வர வேண்டியதில்லை. அளவுக் கருவியும் மாத்திரையும் பயிற்சி பெற்ற பணியாளரும் ஏறினால் போதும். இந்தியாவில் 2017-இல் தொடங்கிய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி, முதற்கட்டமாக எடுத்துக்கொண்ட ஐந்து மாநிலங்களுள் கேரளமும் ஒன்று. அதே ஆண்டில் அம்மாநிலம் தொடங்கிய ஆர்த்திரம் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப நல மையங்களாக மாற்றிவருகிறது. தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே வருகின்றன. வந்த மாத்திரை அலமாரியில் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது வீட்டாரின் வேலை. "அழுத்தம் சரியாகிவிட்டது, அதனால் நிறுத்திவிட்டேன்" என்பது நாம் அடிக்கடி கேட்கும் சொல். மாத்திரை இருப்பதால்தான் அது சரியாக இருக்கிறது.

ஆஸ்பிரின் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க நல்லது என்று கேள்விப்பட்டுத் தாமாகவே நாள்தோறும் அதை உட்கொள்வோர் பலர். சிறுகுழிப் பக்கவாதம் வந்த மூவாயிரம் பேரிடம் நடந்த எஸ்.பி.எஸ்.3 ஆய்வு, ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெல்லும் சேர்த்து நீண்டகாலம் கொடுத்ததால் மீண்டும் பக்கவாதம் வருவது குறையவில்லை என்றும், இரத்தக் கசிவும் இறப்பும் கூடின என்றும் 2012-இல் காட்டியது. அறிகுறியே இல்லாமல் படத்தில் மட்டும் புள்ளி தெரிந்தவர்களுக்கு இத்தகைய மருந்து வேண்டாம் என்பதே ஐரோப்பிய வல்லுநர் குழுவின் கருத்து. பக்கவாதம் வந்தவர்கள் மருத்துவர் எழுதிய மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது. வராதவர்கள் தாமாகத் தொடங்கக்கூடாது.

உணவில் உப்புதான் முதல் எதிரி. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, ஒரு தேக்கரண்டியளவுதான். மலைத்தோட்டக் குடும்பங்களின் கஞ்சிக்குத் துணை கருவாடும் ஊறுகாயும் அப்பளமும். உழைத்து வியர்த்த உடலுக்கு அது பொருந்தியது. வேலையை விட்டு ஓய்ந்து உட்கார்ந்த பின்னும் அதே அளவு உப்பு தொடர்வதுதான் சிக்கல். புகையை விடுவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, நடப்பது ஆகியவற்றை வாசகர்கள் நன்கறிவர், இங்கு விரிக்கவில்லை.

அவ்வளவாக அறியப்படாத ஒன்றைச் சொல்லலாம். ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் அவருடைய குழுவினரும் மறதி நோய் கண்ட 648 பேரை ஆராய்ந்து 2013-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட இரண்டு மொழிகள் பேசியவர்களுக்கு நோய் நான்கரை ஆண்டுகள் தாமதமாகவே தொடங்கியிருந்தது. இரத்தநாளக் கோளாற்றால் வரும் மறதி நோயிலும் இந்த வேறுபாடு இருந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் இருந்தது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமுமாக வாழ்நாளெல்லாம் மாறிமாறிப் பேசிவந்த தோட்டத்துப் பாட்டிக்கு, தாம் அறியாமலே சேர்த்துவைத்த ஒரு சேமிப்பு இருக்கிறது. நோயை அது தடுத்துவிடாது, தள்ளிப்போடுகிறது.

திடீரென முகம் கோணினாலோ, ஒரு கை தாழ்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழைக்க வேண்டும். சிறுகுழிப் பக்கவாதத்தில் நினைவு தப்பாது, வலியும் இராது. ஆகவேதான் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று படுத்துவிடுகிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வித்துராவிலிருந்து நகருக்கு மலைச்சாலைப் பயணமே அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். கேரள அரசின் 'சிரஸ்' திட்டத்தின்கீழ் மாவட்ட நிலை மருத்துவமனைகளில் இந்த ஊசி இலவசமாகப் போடப்படுகிறது. நேரே அங்கே போவதுதான் சரி.

நோய் உறுதியான குடும்பங்கள் பண விவகாரத்தில் ஒன்றைத் தள்ளிப்போடக்கூடாது. தந்தைக்கோ தாய்க்கோ தெளிவாக முடிவெடுக்கும் திறன் இருக்கும்போதே கணக்கைச் சீர்செய்துவிட வேண்டும். அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிவைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துபோகும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது கைகொடுக்காது. அதன்பின் பாதுகாவலரை நியமிக்க நீதிமன்றத்தின் வாயிலை மிதிக்க நேரும். நினைவிழந்து கிடப்பவர்களுக்குப் பாதுகாவலரை நியமிப்பது பற்றிக் கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் வழிமுறைகள் வகுக்க வேண்டியிருந்தது, தெளிவான சட்டம் அதுவரை இல்லாததால்தான்.

மாறாக, இப்போதே 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர்' என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்வது எளிது. நியமனதாரர் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளலாம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்க வழியுண்டு. கூட்டுக் கணக்கில் யாரைச் சேர்ப்பது என்பது குடும்பத்தின் உள்விவகாரம் என்றாலும், முதியவரின் விருப்பத்தை அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது முறை. மெதுவாகப் பேசுகிறார் என்பதற்காக அவருக்குக் கருத்தே இல்லை என்று கொள்ளக்கூடாது. ஐந்து நிமிடம் காத்திருந்தால் விடை வரும். கவுன்ட்டரில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

கையொப்பமிட இயலாத நோயாளியின் கைப்பெருவிரல் ரேகையையோ கால்விரல் ரேகையையோ வங்கி ஏற்றுக்கொள்ளும். அதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், அவருள் ஒருவர் வங்கி அலுவலராக இருக்க வேண்டும். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவைகளை வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் தரவேண்டிய உயிர்வாழ்வுச் சான்றை, திறன்பேசியில் முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே அளிக்கலாம். எண்பது வயதைக் கடந்த மத்திய அரசு ஓய்வூதியர் நவம்பர் வரை காத்திராமல் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே அதைக் கொடுத்துவிடலாம்.